நீள வயரைச் சுற்றி வைப்பது எப்படி: மலையகத்து சவுண்ட் செட்டுக்குப் பொருந்தும் முறைகள்

திருவிழா முடிந்த இரவில் மேடையிலிருந்து இறங்குகிற வயர்களை எப்படிச் சுற்றுகிறோம் என்பதில்தான் அடுத்த விழாவின் பாதி வேலை இருக்கிறது. எல்லோரும் களைத்திருப்பார்கள், லொறிக்காரர் அவசரப்படுத்துவார், தூறலும் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. எந்த வயரை எந்த முறையில் சுற்றுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, கை பழகியிருக்க வேண்டும்.

கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ வைத்திருக்கும் சின்ன செட்டுக்காக இதை எழுதுகிறேன். நம்மிடையே ஆறு முறைகள் புழங்குகின்றன: முழங்கையில் சுற்றுவது, ஒரே பக்கமாக வட்டம் போடுவது, மேலும் கீழுமாக மாற்றி மாற்றிச் சுற்றுவது, தரையில் எட்டு வடிவில் போடுவது, சங்கிலிப் பின்னல், டிரம் எனப்படும் வயர் உருளையில் சுற்றுவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக் வயருக்கும், 30 மீற்றர் வரையிலான ஸ்பீக்கர் வயருக்கும் மேல்-கீழ்ச் சுற்று. பல மைக் வயர்கள் ஒரே உறைக்குள் போகும் கனமான மல்டிகோருக்கு எட்டு. கரண்ட் வயருக்கு டிரம் அல்லது சங்கிலிப் பின்னல். முழங்கைச் சுற்று எந்த வயருக்கும் வேண்டாம்.

நம் இடத்துக்கு என்ன வேண்டும்

கொழும்பில் ஒரு மண்டபத்தில் செட் போடுகிறவருக்குச் சமதளம் கிடைக்கும். வட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே வயரை விரித்துவிடலாம். தோட்டத்தில் அப்படி இல்லை. மேடை பிரட்டுக்களத்தில் (தொழிலாளர் காலையில் கூடும் திடலில்) இருக்கும், கரண்ட் கோயிலிலிருந்தோ கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்தோ வரும், ஹார்ன் ஸ்பீக்கர் மேட்டு லயத்துக்குப் பக்கத்து மரத்தில் ஏறும். நடுவே படிக்கட்டு, கான், தேயிலைச் செடி. ஒருவர் வட்டத்தைப் பிடித்தபடி ஒரே இடத்தில் நிற்பார், இன்னொருவர் முனையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுவார். காமன் கூத்து மாதிரி விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சியில் நடுராத்திரியில் தப்பு மேளம் அடிப்பவர்கள் பக்கம் இன்னொரு மைக் கேட்பார்கள். அப்போது இருட்டில் இதே வேலையைச் செய்ய வேண்டும்.

ஆகவே நமக்கு முதல் தேவை இதுதான்: வட்டம் அசையாமல் இருக்க, ஒரு முனையை மட்டும் இழுத்தால் வயர் முறுக்கோ முடிச்சோ இல்லாமல் வர வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறதா, பெட்டியில் அடங்குகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முறுக்கு எங்கிருந்து வருகிறது

ஒரு வயரை ஒரே பக்கமாகச் சுற்றி, அந்த வட்டத்தை உருட்டாமல் முனையை மட்டும் இழுத்தால், ஒவ்வொரு வட்டமும் வயரில் ஒரு முழு முறுக்கை ஏற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சென்ரிமீற்றர் அகல வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.25 மீற்றர். 20 மீற்றர் வயரில் 16 வட்டம் வரும். இழுத்து விரித்ததும் 16 முறுக்கு. 50 மீற்றர் என்றால் 40. அந்த முறுக்குதான் தரையில் சுருள் சுருளாக எழும்பி நின்று ஆட்களின் காலை இடறுகிறது. சுருளை இறுக்கி இழுத்தால் வயர் அந்த இடத்தில் மடிந்து நிரந்தரமாகக் கோணிவிடும்.

வெளியே தெரிவதைவிட உள்ளே நடக்கும் கேடு பெரியது. மைக் வயரில் சிக்னலைக் கொண்டுபோகும் இரண்டு கம்பிகளைச் சுற்றி, வெளி இரைச்சலைத் தடுக்க ஒரு செப்புப் போர்வை இருக்கும். அது பின்னலாக இருந்தால் ஓரளவு தாங்கும். மெல்லிய கம்பிகளை ஒரே திசையில் சுற்றிய போர்வையாக இருந்தால், எதிர்த் திசை முறுக்கில் விரிந்து இடைவெளி விடும். அலுமினியத் தாள் போர்வை வெடித்துப்போகும். அதன் பிறகு ஜெனரேட்டர் உறுமலும், பக்கத்தில் போகிற கரண்ட் வயரின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் மைக்கில் ஏறும். பூசகர் மந்திரம் சொல்லும்போது கேட்கும் 'ம்ம்ம்' என்ற சத்தத்துக்கு மிக்சரைக் குறை சொல்வதற்கு முன் வயரைப் பார்ப்பது நல்லது.

முறுக்கைத் தவிர்க்க இரண்டே வழிதான். ஒன்று, சுற்றிய பொருளை உருட்டி விரிக்க வேண்டும். டிரம் அதைத்தான் செய்கிறது. இன்னொன்று, சுற்றும்போதே ஒரு வட்டத்தின் முறுக்கை அடுத்த வட்டம் எதிர்த் திசையில் ரத்துச் செய்யும்படி போட வேண்டும். மேல்-கீழ்ச் சுற்றும் எட்டுச் சுற்றும் செய்வது அதை. இந்த இரண்டு வழியும் மனதில் இருந்தால் ஒவ்வொரு முறையையும் நீங்களே எடைபோடலாம்.

கையால் சுற்றும் மூன்று முறைகள்

முழங்கைச் சுற்று ஏன் பரவியிருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. யாரும் கற்றுத்தர வேண்டாம், வேகமாக முடியும், வட்டம் சின்னதாக வரும். கொடிக் கயிறுக்கு அது சரி. வயருக்கு ஆகாது. கட்டைவிரல் இடுக்கிலும் முழங்கையிலும் ஒவ்வொரு சுற்றும் இறுக்கமாக மடிகிறது. வட்டம் சின்னது என்பதால் முறுக்கும் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு 80 சென்ரிமீற்றர் என்று வைத்தாலும் 20 மீற்றர் வயரில் 25 முறுக்கு வந்துவிடும். வளைந்து நிமிரும் வயருக்கு, அதன் தடிப்பைப் போல எட்டு முதல் பத்து மடங்கு ஆரத்துக்குக் கீழே மடிக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. 6 மில்லிமீற்றர் மைக் வயருக்கு அது 5, 6 சென்ரிமீற்றர் ஆரம். முழங்கை முனையும் விரல் இடுக்கும் அதைவிடக் கூர்மையானவை.

ஒரே பக்கச் சுற்று அவ்வளவு மோசமில்லை. வட்டம் அகலமாக, சீராக இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் வயரை விரல்களுக்கு நடுவே கொஞ்சம் உருட்டிவிட்டால் தட்டையாகவும் படியும். மேடைக்குள்ளேயே புழங்கும் 5 மீற்றர் வயர்களுக்கு இது போதும், நாலைந்து முறுக்கை உதறினால் போய்விடும். நீளமான வயருக்கும் இது பொருந்தும், ஆனால் விரிக்கும்போது வட்டத்தை உருட்டிக்கொண்டே நடக்க வேண்டும். மேலே சொன்ன மேடு பள்ளத்தில் அது நடக்காத காரியம்.

மேல்-கீழ்ச் சுற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்தில் படித்தால் குழப்பமாகவும் கையில் எடுத்தால் எளிதாகவும் இருக்கும். இடது கையில் வயரின் ஒரு முனையைப் பிடியுங்கள். வலது கையால் ஒரு கை நீளம் இழுத்து வந்து, வழக்கம்போல ஒரு வட்டம் போட்டு இடது கையில் சேருங்கள். இது மேல் சுற்று. அடுத்த வட்டத்துக்கு, வலது உள்ளங்கை வெளியே பார்க்க, கட்டைவிரல் கீழே வரும்படி கையைத் திருப்பி வயரைப் பிடியுங்கள். அப்படியே இடது கைக்குக் கொண்டுவரும்போது கையை நேராக்கினால் வட்டம் தானாகப் புரண்டு, மீதி வயர் வட்டத்தின் உட்பக்கமாக இறங்கும். இது கீழ்ச் சுற்று. பிறகு மேல், பிறகு கீழ். வயர் தன் போக்கில் வளைய விரும்பும் பக்கம் ஒன்று இருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், அது சொல்கிற அகலத்திலேயே வட்டத்தைப் போடுங்கள். 35 முதல் 45 சென்ரிமீற்றர் வரை எதுவும் சரி.

இதன் பலன் விரிக்கும்போது தெரியும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வட்டத்தைக் கீழ் மட்டத்துக்கு எறிந்தாலும் வயர் நேராக விழும். இழுக்கிறவர் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறலாம்.

இதற்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வயரின் முனை வட்டத்தின் நடுவால் ஒருமுறை நுழைந்துவிட்டால், இழுக்கும்போது ஒவ்வொரு கீழ்ச் சுற்றும் ஒரு முடிச்சாகும். 20 மீற்றருக்குள் வரிசையாக ஏழு எட்டு முடிச்சு. பலர் இந்த முறையை ஒரு தடவை முயன்று கைவிடுவதற்குக் காரணம் இதுதான். தவறு முறையில் இல்லை, கட்டுவதில் இருக்கிறது. சுற்றி முடித்த முனையை வட்டத்துக்குள் நுழைத்து இறுக்குகிற பழக்கத்தை விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் வராது. இரண்டு முனையும் வட்டத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் தொங்க வேண்டும்.

பழக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். மதியம் ஒரு தேத்தண்ணி நேரத்தில் ஒரு பையனுக்குக் கை வந்துவிடும். வேகம் வர சில விழாக்கள் போக வேண்டும். பழைய, கோணிப்போன வயரில் பழக்காதீர்கள், அது எந்த முறைக்கும் இணங்காது. நல்ல மைக் வயர் ஒன்றைக் கொடுங்கள்.

மல்டிகோரும் ஹார்ன் லைனும்

மேடையிலிருந்து மிக்சருக்குப் போகும் மல்டிகோர் கையில் சுற்ற முடியாத கனம். அதற்கு டிரம்மா எட்டுச் சுற்றா என்பதுதான் கேள்வி. டிரம் இருந்தால் வேலை சுத்தம். ஆனால் டிரம்மோடு சேர்த்து அதைத் தூக்கிப் படியேற இரண்டு பேர் வேண்டும், அதை வைத்து உருட்டத் தட்டையான இடமும் வேண்டும். தரையில் ஒரு படங்கை விரித்து, அதன்மேல் எட்டு எட்டாக வயரைப் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு பக்க வளைவின் முறுக்கை மறுபக்க வளைவு எடுத்துவிடும். மேலே இருக்கும் முனையை இழுத்தால் அப்படியே வரும். வைத்துக் கட்டுவதற்கு எட்டை நடுவே மடித்து இரண்டு வட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் போதும். லொறி நேரே மேடைவரை வரும் இடங்களில் டிரம், மற்ற எல்லா இடத்திலும் எட்டு என்பது என் தெரிவு.

இப்போது பல செட்டுகளில் மல்டிகோருக்குப் பதிலாக டிஜிட்டல் மிக்சரும் ஒற்றை நெட்வொர்க் கேபிளும் வந்துவிட்டன. கேட் 5 வகைக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை. அதனுள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் குறிப்பிட்ட அளவில் முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அமைப்பு கலையும்படி மடித்தாலோ நசுக்கினாலோ சத்தம் குறையாது, திடீரென்று முழுதாக நின்றுபோகும். அதனால் இதை மைக் வயரைவிடக் கவனமாக, சின்ன டிரம்மிலோ மேல்-கீழ்ச் சுற்றிலோ வையுங்கள். வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றைக் கம்பிக் கேபிளை விழாவுக்கு விழா சுற்றி விரித்தால் சீக்கிரமே உள்ளே முறியும். பல இழைக் கேபிள்தான் இந்த வேலைக்கு.

ஹார்ன் லைன் தனி ரகம். நம் கோயில் ஹார்ன்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் (ஒலியைக் கூடிய வோல்ட்டில், குறைந்த கரண்டில் அனுப்பும் முறையில்) ஓடுகின்றன. 30 வாட் ஹார்ன் ஒன்று அதில் 0.3 ஆம்பியர்தான் எடுக்கும். அதனால் மெல்லிய இரட்டை வயரே நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்துக்குப் போதும். இதில் போர்வை இல்லை, முறுக்கினால் சத்தம் கெடாது. ஆனால் நீளம் கையில் சுற்ற முடியாதது. பலகையில் சுற்றுகிற பழக்கம் உண்டு. பலகையின் விளிம்பு அதே இடங்களில் மறுபடி மறுபடி வயரை மடித்து, மேலுறையைப் பிளக்கிறது. மழையில் அந்தப் பிளவைத் தொட்டால் கையில் அடிக்கும். இரண்டு பிளைவுட் வட்டமும் நடுவே ஒரு துண்டு அகலக் குழாயும் இருந்தால் உள்ளூர்த் தச்சரே ஒரு டிரம் செய்து தருவார். அந்தச் செலவு வீண்போகாது.

கரண்ட் வயரில் வேறு கணக்கு

கரண்ட் வயரில் பார்க்க வேண்டியது முறுக்கைவிடச் சூடு. 13 ஆம்பியர் டிரம் வாங்கினால் அதன் பக்கவாட்டில் பெரும்பாலும் இரண்டு அளவு அச்சிட்டிருக்கும்: முழுதாக விரித்தால் ஒன்று, சுற்றியபடியே பாவித்தால் இன்னொன்று. விரித்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். சுற்றியபடியே என்றால் 3 முதல் 5 ஆம்பியர்தான், அதாவது அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கலாம். உள்ளடுக்கில் பிறக்கும் சூடு வெளியே போக வழியில்லை. சாதாரண பிவிசி உறை 70 பாகை செல்சியசுக்கு மேல் தாங்காது. இரண்டு 1000 வாட் லைட்டை மாட்டினாலே 8.7 ஆம்பியர் வந்துவிடுகிறது. மேடை பக்கத்தில்தானே இருக்கிறது என்று 10 மீற்றரை மட்டும் உருவிவிட்டு மீதியை டிரம்மிலேயே விடுவது தீப்பிடிக்கக் கூடிய காரியம். டிரம் வைத்திருக்கிறீர்களா, ஒவ்வொரு முறையும் முழுதாக உருவுங்கள்.

அதைச் செய்யச் சோம்பல் வரும் என்று தெரிந்தால் டிரம்மே வேண்டாம், சங்கிலிப் பின்னலுக்குப் போங்கள். வயரை நடுவே மடித்து, வளையத்துக்குள் வளையமாக இழுத்துப் பின்னிக்கொண்டே வர வேண்டும். 30 மீற்றர் வயர் 5 மீற்றர் சங்கிலியாகச் சுருங்கும். தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம், இருட்டில் எறிந்தாலும் சிக்காது. அவிழ்க்க முனையைப் பிடித்து இழுத்தால் போதும், முழுதும் எளிதாக விரிந்துவிடும். அதுவே இதன் பாதுகாப்பு. மைக் வயருக்கு மட்டும் இதை ஒருபோதும் பாவிக்காதீர்கள், ஒவ்வொரு வளையமும் இறுக்கமான மடிப்பு.

எதால் கட்டுவது, எங்கே வைப்பது

வயரின் வாலாலேயே வயரைக் கட்டுவது எல்லாவற்றிலும் கெட்டது. பிளக்குக்கு அடுத்த சில அங்குலத்தில்தான் வயர் அதிகம் முறிகிறது, அந்த இடத்தையே போட்டு இறுக்குகிறோம். இன்சுலேஷன் டேப் பிசின் விடும், பிசினில் செம்மண் ஒட்டும். பிளாஸ்டிக் டையை வெட்டும்போது கத்தி வயரிலும் படும். சைக்கிள் டியூப் பட்டி சில மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பிசுபிசுக்கும். ஒட்டுப் பட்டி எனப்படும் வெல்க்ரோவே சிறந்தது. கிடைக்காவிட்டால் காய்ந்த துணி நாடா. பட்டியை எல்லா வயரிலும் ஒரே பக்க முனையில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். "எந்த முனையண்ணே இழுக்கிறது?" என்ற கேள்விக்கு, "பட்டி இல்லாத முனையை இழு தம்பி" என்று இருட்டிலும் சொல்லலாம்.

சேமிப்பில் நம் எதிரி ஈரமும் குளிரும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். பதுளைப் பக்கம் வடகிழக்குப் பருவத்தில் டிசம்பர், ஜனவரியில் நனைகிறது. ஈர வயரைச் சுற்றிப் பெட்டியில் பூட்டினால் பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறும். சுற்றும்போதே இடது கையில் ஒரு காய்ந்த துணியை வைத்து, அதன் ஊடாக வயரை இழுங்கள். துடைப்பும் சுற்றலும் ஒன்றாக முடியும், வெட்டுப்பட்ட இடமும் விரலில் தட்டுப்படும். மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது, உறை கெடும்.

எதில் வைப்பது என்பதில் மூன்று தெரிவு: தொங்கவிடுவது, பிளாஸ்டிக் கூடை, சாக்கு. தோட்டத்தில் சும்மா கிடைப்பது உரப்பைதான். தயவுசெய்து அதில் மட்டும் போடாதீர்கள். தையலில் தங்கியிருக்கும் உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து, செப்பையும் பித்தளையையும் அரிக்கும். ஓட்டை போட்ட கூடை பயணத்துக்கு நல்லது. மாதக்கணக்கில் வைப்பதற்குச் சுவரில் தொங்கவிடுவதே சிறந்தது. எலிக்கும் எட்டாது. ஆணியில் தொங்கவிட்டால் முழு எடையும் ஒரே புள்ளியில் வயரை மடிக்கும். நாலு அங்குலத் தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் சுவரில் அறைந்து, அதன்மேல் வட்டத்தைப் போடுங்கள். அடுப்படிக் காம்பரா காய்ந்த இடம் என்று அங்கே தொங்கவிடுகிறார்கள். புகையும் எண்ணெயும் படிந்து வயர் கையில் ஒட்டும், பிளக்கினுள்ளும் கரி இறங்கும். கோயில் களஞ்சிய அறையில், வெளிச்சுவரை ஒட்டாத உள்சுவர்தான் நல்ல இடம்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் அந்தப் பக்கத்துப் புல்லில் உறைபனி விழுவதுண்டு. அந்தக் குளிரில் பிவிசி வயர் விறைத்து, வட்டத்தின் வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது பலவந்தமாக நிமிர்த்தினால் உறை வெடிக்கும். விழாவுக்கு முதல் நாளிரவே வயர்களை ஆட்கள் படுக்கும் அறைக்குள் எடுத்து வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கரண்ட் வயரையாவது ரப்பர் உறையில் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும், விலை மட்டும் கொஞ்சம் கூட.

இவ்வளவும் சொன்னாலும், முறையைத் தெரிவதைவிட முக்கியமான முடிவு ஒன்று இருக்கிறது: ஒரு செட்டுக்கு ஒரே ஒழுங்கு. நாலு பேர் நாலு விதமாகச் சுற்றிய வயர்கள் ஒரே கூடையில் இருந்தால், எதை இழுக்கலாம், எதை உருட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே பக்கச் சுற்றுப் போடுகிற செட், பாதிப் பேர் மேல்-கீழும் பாதிப் பேர் முழங்கையுமாகச் சுற்றுகிற செட்டைவிட நன்றாக ஓடும். விழா இரவில் உதவிக்கு வருகிற பழகாத பிள்ளைகளைச் சுற்ற விடாமல், துடைக்கவும் பட்டி கட்டவும் விடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் போன வயர் திரும்பி வந்தால், அதை அவிழ்த்து நம் முறையில் மறுபடி சுற்றிய பிறகே கொழுவில் ஏற்றுங்கள்.

ஏற்கெனவே கோணிப்போன வயர்களை எறிய அவசரப்பட வேண்டாம். வெயில் நல்லாக இருக்கிற நாளில், ஒரு முனையைக் கட்டிவிட்டு, பிரட்டுக்களத்தில் நேராக விரித்துச் சூடேற விடுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து, சுருள் எழும்பும் பக்கத்துக்கு எதிராக மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் முறுக்கு இறங்கும். அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். பிறகு மல்டிமீற்றரை வைத்துப் பிளக்கின் ஒவ்வொரு ஊசிக்கும் தொடர்பு பாருங்கள், பார்க்கும்போது வயரை ஆட்டிப் பாருங்கள். மல்டிமீற்றரின் அளவு ஆடினால் முறிவு பெரும்பாலும் பிளக் பக்கத்தில்தான். ஒரு சாண் வெட்டி மறுபடி பற்றவையுங்கள். நடுவில் முறிந்திருந்தால் அங்கே ஒட்டுப்போடாதீர்கள். வெட்டி, நல்ல பக்கத்துக்குப் புதுப் பிளக் போட்டு, மேடைக்குள் பாவிக்கும் குட்டை வயராக வைத்துக்கொள்ளுங்கள்.